கேள்வி-பதில்: கம்ப்ரஷன் போன பழைய கார்

கேள்வி: பெங்களூரில் பழைய கார் வியாபாரியிடம் 1967 மாடல் எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வாங்கினேன். "எஞ்சின் கண்டிஷன் பக்கா" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். ஏற்றத்தில் இழுக்கவே இல்லை. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம்) பார்த்ததில் நாலு சிலிண்டருக்கும் வரிசையாக 160, 155, 90, 85 பிஎஸ்ஐ. சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டுப் பார்த்தும் ஏறவில்லை. சிலிண்டரைக் கடைந்து (போர் அடித்து) பிஸ்டன் மாற்றணும் என்கிறார் மெக்கானிக். — தக்கலை வாசகர்

பதில்: அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால், விட்ட எண்ணெய் இடைவெளியை அடைத்து அளவு ஏறியிருக்கும். ஏறாததால் காற்று மேலே, வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ (சிலிண்டருக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போகிறது. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து இறங்கியிருப்பதால் என் முதல் சந்தேகம், நடுவே கேஸ்கெட் கருகியிருக்கும் என்பதுதான்.

மூன்றாவது பிஸ்டனை வால்வு இரண்டும் மூடிய நிலையில் உச்சியில் நிறுத்தி, கியரில் போட்டு, பிளக் துளையில் கம்ப்ரசர் காற்று கொடுக்கச் சொல்லுங்கள். நாலாவதின் பிளக் துளை மட்டும் சீறினால் கேஸ்கெட். கார்புரேட்டர் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சர் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் பலமாகச் சீறினால் மட்டும் பிஸ்டன் பேச்சை எடுக்கட்டும்.

ஹெட்டைக் கழற்றினால் லேத்தில் மட்டம் பார்க்காமல் மாட்டாதீர்கள். புது கேஸ்கெட்டும் கருகும். வால்வு வந்து உட்காரும் சீட்டையும் பாருங்கள். நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றுபோனது. அதை நம்பிச் செய்த பழைய இரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் சீட் உள்வாங்கி, வால்வு முழுதாக மூடாமல் போவதுண்டு. கடினமான சீட் போட்டுவிடுங்கள்.

ஆனால் ஸ்பானரை எடுக்கும் முன் கம்ப்ரஷன் அளவைத் தேதியோடு எழுதி, மெக்கானிக்கிடம் கையெழுத்து வாங்குங்கள். எஞ்சினைப் பிரித்துவிட்டால் "உங்கள் மெக்கானிக் கெடுத்தது" என்பார் வியாபாரி. வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள். முதலில் நோட்டீஸ், மசியவில்லையென்றால் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், 2 வருடத்துக்குள். உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், விடாதீர்கள்.

கேள்வி: போட்டோ பார்த்து, தனி ஆளிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கினேன். ஒரே புகை. நுகர்வோர் வழக்கு போடலாமா? — மார்த்தாண்டம்

பதில்: முடியாது. சொந்தக் காரை விற்றவர் வியாபாரி இல்லை, சிவில் கோர்ட்தான். போட்டோவில் புகை தெரியாது என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?

கேள்வி: எஞ்சினில் ஊற்றினால் கம்ப்ரஷன் கூடும் என்று ஒரு பாட்டில் விற்கிறார்கள். வாங்கலாமா? — இரணியல்

பதில்: வேண்டாம். என் ஷெட்டில் பாதி பாட்டில் கிடக்கிறது, வேண்டுமானால் இலவசம்.

கேள்வி: குளச்சலில் கடலோர ஷெட்டில் பல வருடம் நின்ற கார். பார்க்கப் போகிறேன். கம்ப்ரஷன் டெஸ்ட் போதுமா? — அழகியமண்டபம்

பதில்: முதல் நாள் அளவை நம்பவேண்டாம். திறந்து நின்ற வால்வு வழியாக உப்புக்காற்று புகுந்து சிலிண்டர் துருப்பிடித்திருக்கலாம், ரிங்கும் ஒட்டியிருக்கலாம். பிளக் துளையில் எண்ணெய் விட்டு ஊறவைத்து, கையால் சுற்றிய பிறகே செல்ஃப் அடிக்கணும். கொஞ்சம் ஓடிச் சூடானதும் எல்லா பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து அளவெடுங்கள். கேஜ் திருகி மாட்டுகிற வகையாக இருக்கட்டும். ரப்பர் முனையை அமுக்கிப் பிடிக்கிற மலிவு கேஜ் ஒன்று என்னிடம் உண்டு. ஒரே சிலிண்டருக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கு சொல்லும்.

ஓடுகிற கார் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. நாம் வருவதற்குள் எஞ்சினைச் சூடாக்கி வைக்கிற விற்பனைக்காரர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆறின எஞ்சின்தான் உண்மை பேசும்: ஸ்டார்ட் ஆகத் திணறும், ஒரு சிலிண்டர் தவறும், நீலப்புகை விடும். இதில் பலதும் சூட்டில் மறைந்துவிடும். போனதும் பானட்டில் கை வையுங்கள். சுட்டால், "நாளைக்குக் காலையில் வருகிறேன், அதுவரை தொடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுங்கள்.