அறுபது கணினிகளும் ஒரு மெயின் ஸ்விட்சும்

அன்புள்ள ஐயா,

முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். மூன்று கல்லூரிகளில் உள்ள 60 கணினிகளை, மையச் சர்வர் இல்லாமல் பியர்-டு-பியர் முறையில் இணைத்து, 8,000 பழைய நூல்களின் ஸ்கேன் பிரதிகளைப் பகிர்வது என் ப்ராஜெக்ட். எந்தப் பொருள் எந்தக் கணினியில் இருக்கிறது என்று தேடித்தரும் கடெம்லியா என்ற முறையில் செய்திருக்கிறேன். நூலின் சரியான பெயரைக் கொடுத்தால் உடனே கிடைக்கிறது. "1900 முதல் 1920 வரை அச்சானவை" என்று கேட்டால் எல்லாக் கணினிகளையும் தட்ட வேண்டியிருக்கிறது. மாலையில் லேப் மூடியதும் பல நூல்கள் காணாமலும் போகின்றன. எங்கே தவறினேன்?

கி., கோயம்புத்தூர்

அன்புள்ள கி.,

நிரலை நன்றாகவே எழுதியிருப்பீர்கள். கோளாறு அதற்கு முந்தைய முடிவில் இருக்கிறது.

2001-இல் வந்த கார்ட் என்ற இதேபோன்ற முறை, 2002-இல் மேமுன்கோவும் மாஸியேரும் எழுதிய கடெம்லியா, இரண்டும் ஒரே கேள்விக்காகக் கட்டப்பட்டவை: இந்தச் சாவிக்கு (உங்களுக்கு நூலின் பெயர்) உரிய பொருள் யாரிடம் இருக்கிறது? பத்து லட்சம் கணினிகள் இருந்தாலும், ஒன்றிடம் கேட்டு அடுத்ததற்குப் போகும் 20 தாவல்களுக்குள் ஆளைப் பிடித்துவிடும். கேள்வியைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் அனுப்பியே திணறிய நுடெல்லா என்ற பழைய கோப்புப் பகிர்வு வலையைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய விடுதலை. அந்த வேகத்துக்கு அடிப்படை ஹாஷ், அதாவது சாவியைத் தாறுமாறாகத் தோன்றும் ஓர் எண்ணாக மாற்றும் கணக்கு. 1905-ஐயும் 1906-ஐயும் ஹாஷ் செய்தால் ஒன்று ஒரு மூலைக்கும் மற்றது இன்னொரு மூலைக்கும் போகும். சுமை சமமாகப் பரவுவது இந்தக் கலைப்பால்தான். ஆண்டு வரிசை அழிவதும் இதனால்தான்.

வரிசை கெடாத அமைப்பும் உண்டு. ஆஸ்ப்னஸும் கௌரி ஷாவும் 2003-இல் முன்வைத்த, சாவிகளை வரிசையாகவே கோத்துவைக்கும் ஸ்கிப் கிராஃபில் 1900-ஐச் சில தாவல்களில் பிடித்து, அங்கிருந்து 1920 வரை அடுத்தடுத்து நடந்துபோகலாம். ஆனால் ஒரே பத்தாண்டில் நூல்கள் குவிந்தால் அதை வைத்திருக்கும் கணினியின் சுமையைப் பிரிக்கும் வேலை உங்கள் தலையில் விழும்.

லேப் மூடும் விஷயம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கடெம்லியா ஒவ்வொரு பொருளையும் k என்ற எண்ணிக்கையிலான கணினிகளில் வைக்கிறது. அந்த k கணினிகளும் ஒரே மணிநேரத்துக்குள் சேர்ந்து போய்விடாத அளவுக்கு k இருக்க வேண்டும் என்று சொல்லி, அதை எழுதியவர்கள் 20-ஐ உதாரணமாகத் தருகிறார்கள். அவரவர் தனித்தனியாகப் போவார்கள் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. உங்கள் லேபில் ஒரே கை ஒரே மெயின் ஸ்விட்சை அணைக்கிறது. 2007 ஆகஸ்டில் விண்டோஸ் அப்டேட்டுக்காக ஏராளமான கணினிகள் குறுகிய நேரத்தில் ரீஸ்டார்ட் ஆக, அப்போது பியர்-டு-பியரில் ஓடிய ஸ்கைப் இரண்டு நாள் படுத்தது. தானே சரியாகிக்கொள்ளும் அதன் நிரலில் இருந்த பிழை அப்போதுதான் வெளிப்பட்டது. கடெம்லியா கணினிகளுக்குத் தற்போக்கில் கொடுக்கும் ஐ.டி.க்குக் கட்டடம் தெரியாது, ஃப்யூஸ் தெரியாது. ஒவ்வொரு நூலுக்கும் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு பிரதி, அதுவும் இரவில் அணைக்காத கணினியில் இருக்கும்படி நீங்களே விதி எழுதுங்கள்.

ஒன்று வெளிப்படையாகச் சொல்கிறேன்: 60 கணினிகளுக்குக் கடெம்லியாவே தேவையில்லை. எல்லோர் முகவரியையும் எல்லோரும் வைத்துக்கொள்ளலாம். நூலுக்கு ஒரு கிலோபைட் என்றாலும் மொத்த அட்டவணை 8 மெகாபைட்தான். அதை எல்லாக் கணினியிலும் முழுதாக வையுங்கள். புதிய நூல் சேர்ந்தால் ஊர்ப்பேச்சு பரவுவதுபோல ஒன்றிடமிருந்து ஒன்றுக்குப் போகட்டும். ஆண்டு, ஆசிரியர், அச்சகம் என்று எப்படிக் கேட்டாலும் அந்தக் கணினியிலேயே பதில் கிடைத்துவிடும். வலைப்பின்னல் சுமக்க வேண்டியது ஸ்கேன் பக்கங்களை மட்டுமே.

மாற்றி எழுதியபின், ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஒரு கல்லூரியின் லேபை முழுதாக அணையுங்கள். மற்ற இரண்டிலிருந்தும் எத்தனை நூல்கள் திறக்கின்றன என்று எண்ணி எழுதுங்கள்.