கூடுதல் பணம் கொடுத்து வாங்கத் தகுந்த கார் வசதிகள் எவை? க்ரூஸ் கண்ட்ரோல் தேவையா?

இது உங்கள் முதல் கார் என்றும், நடு வேரியன்ட்டா டாப் வேரியன்ட்டா என்று முடிவெடுக்க முடியாமல் இருக்கிறீர்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன். ஆக்சிலரேட்டரை மிதிக்காமலேயே நாம் வைத்த வேகத்தில் வண்டியைப் போக வைக்கும் க்ரூஸ் கண்ட்ரோலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் இரண்டு வசதிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தக் கேள்விக்கு வரும் பதில்களில் இவற்றை யாரும் பெரிதாகப் பேசுவதே இல்லை. ஒன்று, ஓட்டுநர் சீட்டை உயர்த்தித் தாழ்த்துவது. இன்னொன்று, ஸ்டீயரிங்கை முன்னே பின்னே நகர்த்துவது.

என் உயரம் ஐந்தடிக்கும் குறைவு. உயரமானவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமாகவே படாது, அது அவர்கள் தப்பும் இல்லை. ஆனால் சீட் தாழ்ந்தே இருந்தால் என்னைப் போன்றவர்களுக்கு பானட் எங்கே முடிகிறது என்றே தெரியாது. கிளட்ச்சை அடிவரை மிதிக்க வேண்டுமென்றால் சீட்டை முன்னால் இழுத்தாக வேண்டும். இழுத்தால் நெஞ்சு ஸ்டீயரிங்கோடு ஒட்டிக்கொள்ளும். ஏர்பேக் இருப்பதோ அந்த ஸ்டீயரிங்கின் நடுவில்தான். மோதலில் அது கண் இமைப்பதற்குள் விரிந்துவிடும். ரொம்பப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் காப்பாற்ற வேண்டியதே காயப்படுத்திவிடும். நெஞ்செலும்புக்கும் ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் இடையே குறைந்தது 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை சொல்கிறது. ஸ்டீயரிங்கை உள்ளே தள்ளிவைக்க வழி இருந்தால்தான் எனக்கு அந்த இடைவெளி கிடைக்கும்.

“ஒரு தலையணை போட்டு உட்கார வேண்டியதுதானே, இதற்குப் போய் காசா?” என்று யாராவது கீழே எழுதுவீர்கள், தெரியும். சடன் பிரேக் போட்டால் தலையணை வழுக்கும். அதோடு, இடுப்பெலும்பின் மேல் படிந்திருக்க வேண்டிய பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிடும். சீட்டே உயர்வது வேறு, சீட்டின் மேல் ஒன்றைப் போட்டு உட்காருவது வேறு.

நான் கார் பார்க்கப் போனபோது விற்பனையாளர் முதலில் திறந்து காட்டியது சன்ரூஃபை. அடுத்து பெரிய திரை, அப்புறம் கதவோரம் எரியும் நீல விளக்கு. எல்லாவற்றையும் கூட வந்த அண்ணனைப் பார்த்தே விளக்கினார். “ஸ்டீயரிங் முன்னே பின்னே வருமா?” என்று கேட்டேன். “எல்லாமே வரும் மேடம்” என்று அண்ணனிடம் சொன்னார். “அவதாங்க ஓட்டப் போறா, அவகிட்டயே சொல்லுங்க” என்றான் அண்ணன். நான் ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங் தண்டுக்கு அடியில் இருக்கும் கைப்பிடியைக் கீழே இழுத்துப் பார்த்தேன். மேலும் கீழும் மட்டும்தான் அசைந்தது. முன்னே பின்னே வேண்டுமென்றால் டாப் வேரியன்ட் எடுக்க வேண்டுமாம். அதாவது, ஏர்பேக்கிலிருந்து தள்ளி உட்கார வேண்டுமென்றால் சன்ரூஃபுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும்.

எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இது. குள்ளமாக இருப்பது ஆடம்பரமா? உட்காருகிறவரின் உடம்புக்கு வண்டி பொருந்துவது அடிப்படை வேரியன்ட்டிலேயே இருக்க வேண்டிய விஷயம். அன்றைக்கு எழுந்து வந்துவிட்டேன். வேறொரு நிறுவனத்தின் காரில் நடு வேரியன்ட்டிலேயே இரண்டும் இருந்தன. திரை சின்னது, சக்கரத்தில் அலாய் கிடையாது. அதைத்தான் வாங்கினேன், இன்றுவரை அதைத்தான் ஓட்டுகிறேன்.

சரி, மற்றவை. பிறகு வெளியில் போட்டுக்கொள்ள முடியுமா முடியாதா என்று கேட்டுப் பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ரிவர்ஸ் கேமரா, ஸ்பீக்கர், திரை எல்லாம் பிறகு போடலாம். கூடுதல் ஏர்பேக்கையும் ஈஎஸ்சியையும் போட முடியாது. ஈஎஸ்சி என்பது வண்டி சறுக்கித் திரும்பப் பார்க்கும்போது தேவையான சக்கரத்துக்கு மட்டும் தானே பிரேக் கொடுத்து நேராக்கும் அமைப்பு. 1995இல் பென்ஸ் எஸ் கிளாஸில் வந்தது. 2014இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயம். உங்கள் ஊரில் அதை இன்னும் விருப்பத் தேர்வாக விற்றால், வேறு எதை விட்டாலும் அதை விடாதீர்கள். பக்கவாட்டு ஏர்பேக் பெரும்பாலும் சீட்டின் ஓரத் தையலைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். அதனால் வண்டி எடுத்த கையோடு கண்ட சீட் கவரையும் இழுத்து மாட்டிவிடாதீர்கள்.

ஹேட்ச்பேக் என்றால் பின் வைப்பர் வேண்டும். பின்புறம் செங்குத்தாக இருப்பதால் காற்று சுழன்று தூசியையும் சேற்றையும் அந்தக் கண்ணாடியில்தான் அப்பும். சன்ரூஃப் ஆசைப்பட்டால் வாங்குங்கள், ஆனால் தலைக்கு மேல் இருக்கும் இடம் கொஞ்சம் குறையும்.

உள்கண்ணாடி தானே மங்கும் வசதி இரவில் ஓட்டுகிறவர்களுக்கு நல்லது. ஆனால் அது பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை மட்டும்தான் தடுக்கும். எதிரே ஹை பீமிலேயே வருகிறவர்களை என்ன செய்வது? கம்பெனி கொடுத்த பல்பைக் கழற்றிவிட்டு, அந்த விளக்குக் கூட்டுக்குப் பொருந்தாத வெள்ளை பல்பை மாட்டிக்கொண்டு எல்லோர் கண்ணிலும் அடிக்கிறார்கள். சில நொடிகளுக்கு ரோடே தெரிவதில்லை. தன் பக்கம் வெளிச்சமாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது, விடுகிறேன்.

இனி க்ரூஸ் கண்ட்ரோல். நெடுஞ்சாலையில் அடிக்கடி நெடுந்தூரம் போவீர்கள் என்றால் கண்டிப்பாக வாங்குங்கள். ஊருக்குள்ளேயே ஓட்டுவீர்கள் என்றால் அந்தப் பணத்தில் வேறு ஏதாவது பாருங்கள். இதை உருவாக்கியவர் ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர். ஐந்து வயதில் பார்வை இழந்தவர். அவரை ஏற்றிக்கொண்டு கார் ஓட்டிய வழக்கறிஞர் பேசப் பேச வேகத்தைக் கூட்டிக் குறைத்ததில் எரிச்சலாகித்தான் அவருக்கு இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். 1950இல் காப்புரிமை கிடைத்தது, 1958இல் கிறைஸ்லரின் இம்பீரியல் காரில் வந்தது. பின்சீட்டில் அம்மாவை வைத்து ஓட்டும்போது அந்த எரிச்சல் எனக்கு நன்றாகப் புரிகிறது. க்ரூஸ் போட்டால் வண்டி ஒரே சீராகப் போகும், அம்மாவுக்குக் குமட்டல் வருவதில்லை. எனக்கும் வலது கணுக்கால் வலி குறைவு. சோம்பேறிகளுக்கான வசதி என்பவர்கள், ஆக்சிலரேட்டர் மேல் மணிக்கணக்கில் கால் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ஆனால் மழையில் போடாதீர்கள். தண்ணீர் தேங்கிய இடத்தில் சக்கரம் பிடி இழக்கும்போது உடனே வேகம் குறைய வேண்டும், சாதாரண க்ரூஸோ வைத்த வேகத்தை விடாமல் பிடிக்கத்தான் பார்க்கும். முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானே வேகம் குறைக்கும் அடாப்டிவ் வகை நெரிசலான நெடுஞ்சாலையில் இன்னும் வசதி. அதிலும் பெரும்பாலும் சென்சாரை நம்பித்தான் எல்லாம், கண் ரோட்டிலேயே இருக்க வேண்டும்.

டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது வீட்டில் யார் யார் அந்த வண்டியை ஓட்டுவார்களோ அத்தனை பேரையும் கூட்டிப் போய் ஓட்டுநர் சீட்டில் உட்காரவையுங்கள். முதுகு சாய்மானத்தை விட்டு எழாமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் படிய வேண்டும். கிளட்ச்சை முழுவதும் மிதித்த பிறகும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். வீட்டிலேயே குள்ளமானவருக்கு அது அமையவில்லை என்றால் அந்த வேரியன்ட்டை விட்டுவிடுங்கள்.