கையில் காசில்லாமல் நாவலை அச்சேற்றலாமா?

கேள்வி: இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பாட்டி காலத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாழ்க்கையை வைத்து ஒரு நாவல் எழுதி முடித்துவிட்டேன். 240 பக்கம் வருகிறது. பதிப்பகங்கள், “செலவை நீங்களே ஏற்றால் பார்க்கலாம்” என்கின்றன. அச்சகமோ 500 பிரதி அடித்தால்தான் கட்டும் என்கிறது. கனடாவில் இருக்கும் தம்பி, “கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையத்தளத்தில் போடு, சனம் காசு போடும்” என்கிறான். முன்கூட்டியே காசு சேர்த்துப் புத்தகம் போடலாமா? யாரிடம், எப்படிக் கேட்பது? கிண்டிலிலும் போடலாமா?

பதில்: தாராளமாகப் போடலாம், டீச்சர். ஆனால் 500 வேண்டாம், 300 போதும். கிக்ஸ்டார்ட்டரையும் மறந்துவிடுங்கள்.

அந்தத் தளத்தில் திட்டம் தொடங்கக்கூடிய நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. கனடா இருக்கிறது, ஆகவே தம்பி தன் பெயரில் தொடங்கலாம். அப்படிச் செய்தால் காசும் வரிக் கணக்கும் புத்தகம் தரும் பொறுப்பும் அவர் தலையில் விழும். தளம் 5 சதவீதம் எடுக்கும், அட்டைக் கட்டணம் வேறு. சொன்ன இலக்கை எட்டாவிட்டால் ஒரு சதமும் கைக்கு வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் வாசகர் அங்கே இல்லை. அமெரிக்க எழுத்தாளர் பிரண்டன் சாண்டர்சன் 2022இல் அங்கே 4 கோடி 17 இலட்சம் டொலர் திரட்டிய கதையைத் தம்பி சொல்லியிருப்பார். அந்த மனிதர் தரப்போகும் நான்கு நாவல்களையும் எழுதி வைத்துக்கொண்டுதான் வாசகரிடம் போனார், வாசகர் கூட்டமோ பல வருடங்களாகச் சேர்ந்தது. முதலாவதை நீங்களும் செய்துவிட்டீர்கள். இரண்டாவது உங்களுக்கும் உண்டு. அது இணையத்தில் இல்லை, நீங்கள் படிப்பித்த வகுப்பறைகளில் இருக்கிறது.

முன்கூட்டிக் காசு வாங்கிப் புத்தகம் போடுவது நமக்குப் புதிதல்ல. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது ஊர் ஊராகக் கையொப்பக்காரர்களைச் சேர்த்துத்தான் செலவைச் சமாளித்தார். நம் வெளியீட்டு விழாக்களில் சிறப்புப் பிரதி வாங்க ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட, என்வலப்போடு மேடையேறுகிறார்களே, அதுவும் இதே வேலைதான். என்ன, அந்தக் காசு அச்சகக் கடன் ஏறிய பிறகு வருகிறது. அதை அச்சுக்கு முன்னால் கொண்டுவருவதுதான் நீங்கள் செய்யவேண்டியது.

கணக்கைப் பார்ப்போம். மாதிரிக்குத்தான் சொல்கிறேன், உங்கள் அச்சகம் சொல்லும் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். 300 பிரதி, ஒன்றுக்கு 600 ரூபாய் என்றால் 180,000. பக்க வடிவமைப்பு, அட்டை, லொறிச் செலவு, மண்டபம், தேநீர் எல்லாம் 60,000. ஆக 240,000. முந்நூறில் நாற்பது பிரதியாவது விற்பனைக்குப் போகாது: பேச்சாளர்கள், புரூப் பார்த்தவர்கள், பத்திரிகைகள், சட்டப்படி கொடுக்கவேண்டிய பிரதிகள். மிச்சம் 260. ஒரு பிரதியின் உண்மையான அடக்கவிலை 923 ரூபாய், 600 இல்லை. பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

அட்டையில் 1200 போட்டு, முன்பதிவுக்கு 1000 என்று வையுங்கள். புத்தகக் கடை மூன்றிலொரு பங்கு கழிவு கேட்டால் உங்கள் கைக்கு 800தான் வரும், அதாவது ஒவ்வொரு பிரதிக்கும் 123 ரூபாய் நட்டம். ஆகவே போட்ட காசு திரும்பும்வரை கடைகளுக்குக் கைவிரல் எண்ணிக்கையில் மட்டும் கொடுங்கள்.

150 பேர் முன்பதிவு செய்தால் 150,000. இன்னொரு 30,000ஐத் தம்பி தன் நண்பர்களிடம் திரட்டி ஒரே தடவையில் வங்கிக்கு அனுப்பட்டும். அச்சுச் செலவு அதோடு சரி. அச்சகங்கள் மீதிக் காசை வாங்காமல் பெட்டியைத் தூக்க விடமாட்டா, ஆகவே மேடையில் வரப்போகும் என்வலப்பை நம்பி அச்சுக்குக் கொடுக்காதீர்கள். என்வலப் காசு அந்த 60,000ஐ ஈடுகட்டட்டும். வடிவமைப்புக்கும் அட்டைக்கும் மட்டும் முதலில் கொஞ்சம் கைக்காசு போகத்தான் செய்யும்.

முன்பதிவுக் காசைச் சம்பளக் கணக்கில் போடாதீர்கள். தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு திறந்து, அதிலிருந்து அச்சகத்துக்கு மட்டும் போகட்டும். பிரித்தானியாவில் இதே முறையில் வாசகரிடம் காசு திரட்டிப் புத்தகம் போட 2011இல் தொடங்கிய அன்பவுண்ட் என்ற பதிப்பகம் 2025 மார்ச்சில் நொடித்துப்போனது. எழுத்தாளர்களுக்கு வரவேண்டிய காசும் அதோடு மாட்டிக்கொண்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி.

இனி, யாரிடம் கேட்பது? தோட்டத்தில் வேலை செய்கிறவர்களிடம் முன்பதிவு கேட்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாயானது, 2024 செப்டம்பரில் 1350. அதற்குமேல் கூடினாலும், இன்னும் கண்ணால் பாராத ஒரு புத்தகத்துக்கு அரை நாளுக்கு மேற்பட்ட உழைப்பைக் கேட்பது சரியாகப் படவில்லை. கதை அவர்களுடையது, அவர்களுக்குப் புத்தகம் போய்ச் சேர வேறு வழி பார்க்கலாம். வசதியுள்ள ஒருவரிடம், “உங்களுக்கு ஒன்று, நீங்கள் பிறந்த தோட்டத்து வாசிகசாலைக்கு ஒன்று” என்று 2000 ரூபாய் கேட்டுப் பாருங்கள். கொழும்பில் கடை வைத்திருப்பவர்கள், வங்கியில் இருப்பவர்கள், ஆசிரியர் கலாசாலையில் உங்களோடு படித்தவர்கள், உங்களிடம் படித்து இன்று ஆசிரியராகி நிற்பவர்கள். இவர்கள்தான் உங்கள் 150.

வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு போஸ்டரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் நாற்பது கைகூப்பல் வரும், காசு வராது. ஒவ்வொருவருக்கும் தனியாக, பெயர் சொல்லி எழுதுங்கள். இப்படி: “ரவி தம்பி, நான் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். நம்ம மேல்கணக்கு லயத்துக் கதை. முன்பதிவு 1000 ரூபாய், தைப்பொங்கலுக்கு முன் புத்தகம் கையில். முதல் அத்தியாயத்தை நானே வாசித்து அனுப்பியிருக்கிறேன், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.” அந்தக் குரல்பதிவு முக்கியம். இரண்டு மூன்று நிமிடம் போதும். உங்கள் பேச்சுவழக்கில், அந்தப் பாட்டி பேசுகிற இடமாகப் பார்த்து வாசியுங்கள். அட்டைப்படத்தைப் பார்த்துவிட்டுக் கடந்துபோகிறவர்கள் குரலைக் கேட்டால் இன்னொருவருக்கு அனுப்புவார்கள். கொழுந்து எடுத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டே கேட்கிறவர்களுக்கும் அது போய்ச்சேரும்.

ஒரு சீஆர் கொப்பியில் கோடு போட்டு எல்லாவற்றையும் எழுதுங்கள்: பெயர், தொகை, வங்கியிலா, கைபேசிவழி ஈசி கேஷிலா, கையிலா, தொலைபேசி, புத்தகம் எப்படிக் கொடுப்பது. இந்தக் கடைசிக் கோடு மலையகத்துக்கென்றே போடவேண்டியது. லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது, தபால் தோட்ட அலுவலகத்துக்குப் போய் அங்கே கிடக்கும். பார்சலைத் தபாலில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. ஹட்டன், தலவாக்கலை, பதுளை, கண்டி என்று ஊருக்கு ஒரு ஆளை இப்போதே பிடியுங்கள், ஆசிரியராக இருந்தால் நல்லது. பத்துப் பிரதி அவரிடம், அங்குள்ள பத்துப் பேர் அவரிடம் வாங்கிக்கொள்ளட்டும். கொழும்புக்காரருக்குத் தபால் சரிவரும்.

முன்பதிவு செய்தவர்களின் பெயரைப் புத்தகத்தின் கடைசியில் அச்சிடுவதாகச் சொல்லுங்கள். கேட்டுவிட்டுப் போடுங்கள், சிலருக்குப் பிடிக்காது. இதற்கு இடமும் தானாகக் கிடைக்கும். புத்தகம் பெரும்பாலும், ஒரே தாளை மடித்தெடுக்கும் 16 பக்கப் போம்களாக அச்சாகிறது. உங்கள் 240 சரியாகப் பதினைந்து போம். தலைப்புப் பக்கம், பதிப்பு விபரம், முன்னுரை சேர்ந்தால் பதினாறாவது போம் தேவை, அதாவது 256. பெயர்ப்பட்டியல் அந்த மிச்சப் பக்கங்களில் அடங்கிவிடும்.

அச்சகத்தில் கவனிக்கவேண்டியவை பல, எனக்குப் பெரிதாகப்படுவது இரண்டு. முதலாவது எழுத்துரு. நீங்கள் யூனிகோட்டில் தட்டியிருப்பீர்கள், அச்சகத்தார் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். பாமினியில் ‘இ’ இருப்பது காற்புள்ளி விசையில். மாற்றும்போது தவறினால் காற்புள்ளி நின்ற இடத்திலெல்லாம் ஒரு ‘இ’ முளைத்து நிற்கும். யூனிகோட்டிலேயே இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்கிறார்கள் என்றால், அதில் வேர்ல்ட்-ரெடி கொம்போசர் என்ற அமைப்பைத் தெரிவு செய்தார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ‘கெ’யின் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய்விடும். எதுவானாலும் கடைசி புரூப்பைத் தாளில் எடுத்து, கதை தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். கதை எழுதியவர் கண்ணுக்குப் பிழை தெரியாது.

இரண்டாவது கட்டு. பசையில் மட்டும் ஒட்டிய புத்தகம் நம் குளிரிலும் ஈரத்திலும் சீக்கிரம் ஏடு கழன்றுவிடும். நூலில் தைத்துக் கட்டச் சொல்லுங்கள், கொஞ்சம் கூடும், பரவாயில்லை. தாளின் நார் முதுகுக்கு இணையாக மேலிருந்து கீழே ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் ஈரக்காலத்தில் பக்கங்கள் அலையலையாக நெளியும். சோதிப்பது சுலபம்: டம்மிப் பிரதியில் ஒரு தாளைக் கிழித்து, சதுரமாக வெட்டி, மேல்பக்கம் எது என்று குறித்துவிட்டு ஒரு முகத்தை மட்டும் ஈரத்துணியால் தடவுங்கள். குழாயாகச் சுருளும். அந்தக் குழாய் மேல்-கீழாக நின்றால் சரி, படுத்துக் கிடந்தால் அச்சகத்தாரிடம் பேசுங்கள். பெட்டிகள் வந்ததும் சிமெந்துத் தரையில் வைக்காமல் பலகைமேல் ஏற்றிவிடுங்கள்.

விலைமனுவை எழுத்தில் வாங்குங்கள்: தாளின் கனம் (ஜிஎஸ்எம்), தையல், பிரதி எண்ணிக்கை, திகதி, விலை எதுவரை செல்லும் என்பது. தாள் இறக்குமதிப் பொருள். 2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே தாள் இல்லாமல் தள்ளிப்போனது நினைவிருக்கும். முதல் முற்பணத்தில் தாளை வாங்கி ஒதுக்கிவிடச் சொல்வது புத்தி.

ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள எண்ணை நீங்களே எடுக்கலாம், பதிப்பகம் தேவையில்லை. கொழும்பு 7இல் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு விண்ணப்பியுங்கள், 955 அல்லது 624 என்ற இலங்கைக் குறியீட்டோடு வரும். அச்சகத்தார் 1885ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் பிரதிகள் கொடுக்கவேண்டும். கொடுத்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளியீட்டை ஞாயிறு காலை பத்து மணிக்கு வையுங்கள். பின்னேரம் வைத்தால் நயப்புரை நடக்கும்போதே கடைசி பஸ்ஸுக்கு எழும்பிப் போவார்கள், ஏற்புரைக்கு நீங்களும் மைக்காரரும்தான் மிஞ்சுவீர்கள். முதற்பிரதியை ஒரு தொழிற்சங்கத் தலைவருக்குக் கொடுக்கச் சொல்லி யோசனை வரும். காசு வரும், உண்மைதான், மற்றச் சங்கத்துக்காரர் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார். நாவலில் வரும் வயதில் ஒரு தொழிலாளி அம்மாவுக்குக் கொடுங்கள். முன்பதிவுப் பிரதிகளை மட்டும் விழாவுக்கு முதல் நாளே ஊர் ஆட்களிடம் சேர்த்துவிட வேண்டும். காசை முதலில் தந்தவருக்குப் பிறகு கிடைத்தால் அடுத்த நாவலுக்கு அவர் தரமாட்டார்.

கிண்டில் தமிழ் மின்நூலை ஏற்கும், போடலாம். ஆனால் முன்பதிவுக்காரர் அனைவர் கையிலும் புத்தகம் போய், அச்சுக் காசும் திரும்பிய பிறகு. ஒரு ஆறு மாதம் பொறுங்கள். பிரதிகள் தீர்ந்து, மறுபதிப்பு எண்ணமும் இல்லையென்றால், 2005 முதல் ஈழத்து நூல்களை இலவசமாக வாசிக்க வைத்திருக்கும் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்துக்கு பிடிஎஃபையும் அனுமதிக் கடிதத்தையும் அனுப்பிவிடுங்கள். அச்சுக்குப் போன அதே கோப்பை அச்சகத்திடமிருந்து இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள், பிறகு கேட்டால் கணினி மாற்றிவிட்டோம் என்பார்கள்.