நம்பகமான ஆய்வுகளைத் தேடிப் பிடிப்பது எப்படி? பொதுச் சுகாதாரப் பணியாளர்களின் கேள்விகளும் ஒரு மருத்துவ நூலகரின் பதில்களும்

சுகாதார ஆய்வாளர்: வணக்கம் மேடம். தலைப்பு கிடைக்கிறது, சுருக்கம் கிடைக்கிறது. முழுக் கட்டுரையைத் தொட்டால் டாலரில் பணம் கேட்கிறது. சட்டப்படி இலவசமாகப் படிக்க வழி உண்டா?

பெரும்பாலும் உண்டு. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில், அந்தக் கட்டுரையின் பக்கத்தில் பப்மெட் சென்ட்ரல் இணைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2000-இல் தொடங்கிய இலவசக் களஞ்சியம் அது, முழுக் கட்டுரையும் இருக்கும். அமெரிக்காவின் என்ஐஎச் (தேசியச் சுகாதார நிறுவனங்கள்) நிதியில் நடந்த ஆய்வுகள் 2008 முதல் அங்கே வந்தாக வேண்டும் என்பது விதி. முன்பு 12 மாதம் வரை காக்க வைக்கலாம். 2025 ஜூலையிலிருந்து ஏற்கப்படும் கட்டுரைகளுக்கு அந்தக் காத்திருப்பும் இல்லை.

அங்கே இல்லையென்றால், அன்பேவால் என்ற உலாவி நீட்சியை நிறுவிக்கொள்ளுங்கள். கட்டுரையின் சட்டப்பூர்வ இலவசப் பிரதி எங்காவது இருந்தால் காட்டிவிடும். அதற்கும் அகப்படாவிட்டால் ஆய்வாளருக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தம் கட்டுரையை ஒருவர் படிக்கக் கேட்கிறார் என்றால் பலருக்கும் சந்தோஷம்தான், கூச்சப்பட வேண்டாம்.

அதே நபர்: ஹினாரி?

உலகச் சுகாதார நிறுவனமும் பதிப்பகங்களும் சேர்ந்து 2002-இல் தொடங்கிய திட்டம். வருமானம் குறைந்த நாடுகளுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ இதழ்களைத் திறந்துவிடுகிறது. தனிநபர் சேர முடியாது, நிறுவனம்தான் பதிவு செய்ய வேண்டும். உங்கள் நாடு பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தொற்றுநோய்ப் பிரிவில் புதியவர்: அக்கா, பப்மெட்டில் தேடினால் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறது. எதிலிருந்து தொடங்குவது?

தனி ஆய்வுகளிலிருந்து தொடங்காதீர்கள். ஒரே கேள்வி பற்றிய எல்லா ஆய்வுகளையும் தேடி, தரம் பார்த்து, தொகுத்துச் சொல்லும் முறைசார் மீளாய்வு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அத்தகைய மீளாய்வுகளை வெளியிடும் காக்ரேன், அவற்றைத் திரட்டித் தரும் எபிஸ்டெமோனிகாஸ் இரண்டும் அதற்கு நல்ல இடங்கள்.

ஆனால் தேடலுக்கு முன் கேள்வியைத் தாளில் எழுதுங்கள்: யாருக்கு, எதைச் செய்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம், எந்த விளைவைப் பார்க்கிறோம். ‘கைகழுவுதல் நல்லதா?’ என்பது தேட உதவாத கேள்வி. ‘சிறு குழந்தைகளிடம் கைகழுவும் பழக்கத்தை ஊக்குவித்தால், ஊக்குவிக்காத இடங்களைவிட வயிற்றுப்போக்கு குறைகிறதா?’ என்று கேட்டால் காக்ரேன் மீளாய்வு நேராகவே பதில் சொல்லும்: சுமார் 30 விழுக்காடு குறைகிறது.

பப்மெட்டுக்கே போவதானால், ஒரே பொருள் தரும் சொற்களை ‘ஆர்’ (OR) போட்டும் வெவ்வேறு கருத்துகளை ‘அண்ட்’ (AND) போட்டும் இணையுங்கள். மெஷ் தலைச்சொற்களையும், அதாவது கட்டுரையின் பொருளைக் குறிக்க அங்கே இடப்படும் நிலையான சொற்களையும், சேருங்கள். ஆனால் அவற்றை மட்டும் நம்பினால், இன்னும் தலைச்சொல் இடப்படாத புத்தம்புதிய கட்டுரைகள் நழுவிவிடும். ஆகவே சாதாரணச் சொற்களும் கூடவே வேண்டும்.

பெயர் வேண்டாம்: கூகுள் ஸ்காலர் போதாதா?

தலைப்பு தெரிந்த ஒரு கட்டுரையின் முழுப் பிரதியைப் பிடிக்க அருமையான கருவி. விடுபடாமல் தேட ஆகாது. முதல் 1000 முடிவுகளுக்கு மேல் காட்டாது, வரிசை எப்படி அமைகிறது என்பதும் தெளிவில்லை.

பள்ளிச் சுகாதாரத் திட்ட அலுவலர்: குடற்புழு நீக்கம் பற்றி மீளாய்வு ஒன்று சொல்கிறது, களத்தில் இருப்பவர்கள் வேறு சொல்கிறார்கள். யாரை நம்புவது?

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். கென்யப் பள்ளிகளில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வு, மாத்திரை கொடுத்தால் பள்ளி வருகை கூடுகிறது என்றது. காக்ரேன் மீளாய்வோ, எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாகக் கொடுக்கும்போது சராசரி எடையிலும் ஹீமோகுளோபினிலும் பெரிய மாற்றம் தெரியவில்லை என்றது. 2015-இல் இது பெரிய சண்டையாகவே வெடித்தது.

ஒருவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் பள்ளி வருகையைப் பார்த்தார், மற்றவர் உடல்நலத்தின் சராசரியைப் பார்த்தார். அதே மீளாய்வு, புழு இருப்பது உறுதியான குழந்தைகளுக்குக் கொடுத்தால் எடை கூடலாம் என்றும் சொல்கிறது. ஊரில் பத்தில் ஒரு குழந்தைக்குத்தான் புழு என்றால், அந்த ஒரு குழந்தைக்குக் கிடைத்த பலன் சராசரியில் கரைந்துபோகும். எனவே உங்கள் பகுதியில் தொற்று எவ்வளவு என்று தெரியாமல் எந்த மீளாய்வும் உங்களுக்கு முடிவெடுத்துத் தராது.

பயிற்சி மருத்துவர்: பெரிய இதழில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்தானே?

கூடாது. 2020 மே 22 அன்று ‘லான்செட்’ இதழில் கோவிட் நோயாளிகளுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து ஆபத்து என்று ஒரு கட்டுரை வந்தது. சில நாள்களில் உலகச் சுகாதார நிறுவனம் தன் கோவிட் மருந்துச் சோதனையில் அந்த மருந்துப் பிரிவையே நிறுத்திவைத்தது. மூலத்தரவைச் சரிபார்க்க வழியில்லாமல் போனதால் ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. எதையும் மேற்கோள் காட்டுமுன், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைப் பட்டியலிடும் ‘ரிட்ராக்‌ஷன் வாட்ச்’ தரவுத்தளத்தில் ஒருமுறை பாருங்கள்; 2023 முதல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

மாவட்டத் திட்ட மேலாளர்: எல்லாம் சரிதான். எங்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது? ஊழியர்கள் எல்லோருக்கும் தரவுத்தளச் சந்தா வாங்கிக் கொடுத்தால் போதுமா?

இன்று வந்ததிலேயே முக்கியமான கேள்வி இது. கனடாவில் 100-க்கும் மேற்பட்ட பொதுச் சுகாதாரத் துறைகளை மூன்று குழுக்களாகப் பிரித்துச் சோதித்தார்கள். முடிவு 2009-இல் வெளியானது. முதல் குழுவுக்கு மீளாய்வுகள் அடங்கிய தளம் மட்டும். இரண்டாவதற்கு, தளத்தோடு அவரவர் வேலைக்கேற்ற சுருக்கமான செய்திகள். மூன்றாவதற்கு, இவற்றோடு கூடவே வழிகாட்ட ஓர் ஆளும். சான்றுள்ள திட்டங்களைக் கையிலெடுப்பதில் முன்னேறியது இரண்டாவது குழுதான். தளத்தை மட்டும் திறந்துவிட்டதில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. வழிகாட்ட ஆள் வைத்ததுகூட மொத்தத்தில் கைகொடுக்கவில்லை.

அதனால் சந்தாவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியையாவது, வந்த மீளாய்வைப் படித்து ‘நம் திட்டத்துக்கு இதன் பொருள் என்ன’ என்று ஒரு பக்கத்தில் எழுதித் தருகிறவருக்கு ஒதுக்குங்கள். அந்த வேலை பணி நேரத்துக்குள் நடக்கட்டும், இரவு வீட்டில் அல்ல. மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் ‘ஹெல்த் எவிடென்ஸ்’ தளம் பொதுச் சுகாதார மீளாய்வுகளைப் பத்துக்கு மதிப்பெண் போட்டே வைத்திருக்கிறது; தரம் பார்க்கும் சுமை பாதி குறையும்.

செவிலியர்: ஆங்கிலம்தான் தடை. தமிழில் ஏதாவது?

காக்ரேன் மீளாய்வுகளின் எளிய மொழிச் சுருக்கங்களில் ஒரு பகுதி தமிழில் இருக்கிறது, இலவசம். எல்லாத் தலைப்புக்கும் கிடையாது. தமிழ்ச் சுருக்கம் எந்த ஆண்டுப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் புதுப்பித்த பிறகும் பழைய மொழிபெயர்ப்பே நிற்பதுண்டு.