வாடகை குறையும், கையில் என்ன மிஞ்சும்?

கேள்வி: எங்கள் இருவர் வருமானத்தையும் சேர்த்து நூறு என்று வைத்துக்கொண்டால் என்னுடையது 60, மனைவியுடையது 40. அதில் 40 வீட்டு வாடகைக்கே போய்விடுகிறது. வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகை கொடுக்கக் கூடாது என்று படித்தேன். ஒன்றரை மணி நேரத் தூரத்தில் ஓர் ஊரில் இதைவிடப் பெரிய வீடே 20-க்குக் கிடைக்கிறது. நான் இதே வேலைக்குத் தினமும் போய்வருவேன், மனைவி அங்கே ஏதாவது வேலை பார்த்துக்கொள்வாள். மகளுக்கு வயது 15, மகனுக்கு 9. பள்ளி விட்டதும் மகனை அழைத்து வருவது பக்கத்துத் தெருவில் இருக்கும் என் மாமியார். கடன் இல்லை, சேமிப்பும் இல்லை. மூன்று மாதத்தில் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. குடும்பத்தோடு போய்விடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஆசையில் தப்பில்லை, கணக்குதான் பாதியில் நிற்கிறது.

முதலில் அந்த 30 சதவீதத்தைப் பார்ப்போம். எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்துகிற விதி என்று அப்படி ஒன்று கிடையாது. அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளில் இருப்பவர்களிடம் அதிகபட்சம் எவ்வளவு வாடகை வாங்கலாம் என்று 1969-இல் சட்டம் போட்டபோது வைத்த வரம்பு வருமானத்தில் 25 சதவீதம்; 1981-இல் அதை 30 ஆக்கினார்கள். அந்த எண்தான் ஊர் ஊராகச் சுற்றி உங்கள் கைக்கும் வந்திருக்கிறது. அதை நம்பினால் என்ன ஆகும் என்று உங்கள் கணக்கிலேயே போட்டுப் பாருங்கள். இப்போது 100 வருகிறது, வாடகை போகக் கையில் 60. அங்கே போய் மனைவிக்கு வேலை அமையவில்லை என்றால் 60 வரும், வாடகை 20 போகக் கையில் 40. வாடகையின் பங்கு 40 சதவீதத்திலிருந்து 33-க்கு இறங்கிவிட்டது என்று நீங்கள் சந்தோஷப்படலாம், ஆனால் வீட்டுச் செலவுக்கு இருந்த காசில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். அவருக்கு இப்போது வருவதில் பாதியாவது அங்கே கிடைத்தால்தான் இன்றைய நிலையிலேயே நிற்பீர்கள். அதுவும் உங்கள் பயணச் செலவைச் சேர்க்காமல்!

பயணச் செலவைச் சேர்க்காத வாடகைக் கணக்கு ஏமாற்றும் என்பதற்காகவே, சிகாகோவில் உள்ள 'சென்டர் ஃபார் நெய்பர்ஹுட் டெக்னாலஜி' என்ற அமைப்பு வீட்டுச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் ஒன்றாகக் கூட்டி, இரண்டும் சேர்ந்து வருமானத்தில் 45 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறது. ஊருக்கு வெளியே மலிவாகத் தெரிகிற பல இடங்கள் அப்படிக் கூட்டிப் பார்த்தால் மலிவாக இருப்பதில்லை.

அப்புறம் நேரம். போக ஒன்றரை, வர ஒன்றரை, மாதம் 22 நாள் என்றால் 66 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாகப் பார்த்தால் மாதத்தில் எட்டு நாளுக்கு மேல் சம்பளமில்லாமல் சாலையில் கழிகிறது. புரூனோ ஃபிரை, அலோயிஸ் ஸ்டட்சர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மானியக் குடும்பங்களிடம் ஆண்டுக்கணக்கில் திரட்டிய தகவல்களை வைத்து இதை ஆராய்ந்தார்கள். வேலைக்கு நீண்ட தூரம் போய்வருகிறவர்கள் வாழ்க்கையில் குறைந்த மனநிறைவையே சொன்னார்கள். மலிவான வீடோ கூடுதல் சம்பளமோ அந்தக் குறையை ஈடுகட்டவில்லை. வீடு மாற்றும்போது அறைகளை எண்ணுகிற நமக்கு, தினமும் வழியில் போகிற மூன்று மணி நேரம் கண்ணில் படுவதே இல்லை.

என்னை உறுத்துகிற விஷயம் வேறு. நீங்கள் மிச்சப்படுத்தப்போகும் 20-ஐ யார் கொடுக்கப்போகிறார்கள் என்று யோசித்தீர்களா? பகல் பன்னிரண்டரைக்குப் பள்ளியிலிருந்து போன் வருகிறது, பையனுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப்போங்கள் என்று. இன்றைக்கு உங்கள் மாமியார் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார், நீங்கள் இரண்டு பேரும் இருக்கையை விட்டு எழக்கூட வேண்டாம். அங்கே? நீங்கள் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருப்பீர்கள். போக வேண்டியது உங்கள் மனைவி, அதுவும் சேர்ந்து சில வாரமே ஆன புது வேலையில் அனுமதி கேட்டு. இது நாலைந்து தடவை நடந்தால் 'ஏதாவது வேலை' என்று நீங்கள் எழுதியதும் இல்லாமல் போகும். அவர் இதற்கு என்ன சொன்னார் என்று கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. என்னிடம் கேட்பதற்கு முன்னால் அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

மகள் விஷயத்தில் இன்னும் அழுத்திச் சொல்கிறேன். அமெரிக்காவில் 1994-இல் தொடங்கி ஐந்து நகரங்களில், வறுமை மிகுந்த பகுதிகளில் இருந்த குடும்பங்களுக்கு, நல்ல பகுதிக்கு மாற வாடகை உதவி கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் பெரியவர்களான பிறகு ராஜ் செட்டி என்ற பொருளாதார அறிஞரும் அவர் சகாக்களும் பார்த்தபோது, 13 வயதுக்கு முன் இடம் மாறியவர்கள் அந்த உதவி கிடைக்காத குடும்பத்துப் பிள்ளைகளைவிடச் சுமார் 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். 13 தாண்டிய பிறகு மாறியவர்களுக்கு ஆதாயம் இல்லை, கொஞ்சம் நஷ்டமே தெரிந்தது. நல்ல இடத்துக்குப் போனபோதே அப்படி. நீங்கள் பார்ப்பது மலிவான இடம். பள்ளி எப்படி என்று நீங்கள் எழுதவே இல்லை. ஒன்பது வயதுப் பையன் ஒரு மாதத்தில் புது நண்பர்களைப் பிடித்துவிடுவான். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அது அவ்வளவு சுலபமில்லை. தனி அறை வேண்டுமா, இதே பள்ளி வேண்டுமா என்று அவளையே கேளுங்கள்.

வாடகைக்குக் கடன் வாங்கும் நிலையில் இருந்திருந்தால் நானே 'உடனே மூட்டை கட்டுங்கள்' என்று சொல்லியிருப்பேன், வட்டி ஏறுகிற வீட்டில் இதெல்லாம் யோசிக்க நேரம் கிடையாது. உங்களுக்குக் கடன் இல்லை. அதனால் அவகாசம் இருக்கிறது. மனைவி இங்கே இருந்துகொண்டே அங்குள்ள வேலைகளுக்கு விண்ணப்பிக்கட்டும், சம்பளம் எழுத்தில் வந்த பிறகு முடிவெடுங்கள். அதற்குள் ஒரு திங்கட்கிழமை காலை அந்த ஊரிலிருந்து கிளம்பி அலுவலகம் போய்ப் பாருங்கள். விடுமுறை நாளில் காரில் போய்ப் பார்த்த ஒன்றரை மணி நேரம் என்றால் அதை நம்பாதீர்கள். இதே வட்டாரத்தில் ஓர் அறை குறைவான வீட்டுக்கு மாறினால் 40 என்பது 30-க்கு வருமா என்றும் விசாரியுங்கள். கடிதத்தில் அந்த யோசனையே இல்லாதது எனக்கு ஆச்சரியம். ஒருமுறை காலி செய்துவிட்டால் இந்த வாடகைக்கு இதே வட்டாரத்தில் திரும்ப வீடு கிடைப்பது கஷ்டம், அதனால் இந்த வாரமே வீட்டுக்காரரிடம் பேசி, மகள் பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை ஒப்பந்தத்தை நீட்டிக்க முடியுமா என்று கேளுங்கள்.