எட்.டி படிப்புக்கு முற்பணம் கட்டுவதற்கு முன்

டீச்சர், மட்டக்களப்பின் படுவான்கரையில் பிரதி அதிபராக இருந்துகொண்டே வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இணையவழியாக எட்.டி, அதாவது கல்வித்துறைக்கான கலாநிதிப் பட்டம், படிக்கலாமா, இல்லை பி.எச்.டிதான் நல்லதா, முகவர் வேறு இந்தக் கிழமைக்குள் முற்பணம் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அந்தக் காசைக் கட்டாதீர்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்கிறதா என்று நீங்களே எழுதிக் கேளுங்கள், முகவர் காட்டும் கடிதம் போதாது.

எட்.டி குறைந்த பட்டம் இல்லை. ஹார்வர்ட் 1920களின் தொடக்கத்திலேயே கொடுத்த பட்டம் அது. பி.எச்.டி புதிய கோட்பாட்டைத் தேடும், எட்.டி உங்கள் பாடசாலையில் உள்ள ஒரு சிக்கலை எடுத்து, ஒரு மாற்றத்தைச் செய்துபார்த்து, என்ன நடந்தது என்று ஆராயும். குறுமண்வெளியில் தோணியேறி மண்டூர்ப் பக்கம் போய்வரும் ஆசிரியர்கள் ஏன் இடமாற்றம் கேட்கிறார்கள், அவர்களைத் தக்கவைக்க ஒரு அதிபர் என்ன செய்யலாம் என்பதே அருமையான தலைப்பு, அதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள்! பல்கலைக்கழக விரிவுரையாளராகும் எண்ணம் இருந்தால் மட்டும் பி.எச்.டி பக்கம் யோசியுங்கள்.

அப்புறம், உங்கள் முதுமாணியில் ஆய்வுக்கட்டுரை செய்தீர்களா, பாடநெறி மட்டுமா? அதைச் சொன்னால் மேலே பேசலாம்.