பினாங்கில் மாநகர் மன்ற உறுப்பினராக இருப்பவர் படிப்படியாக எம்.பி. ஆக முடியுமா? சட்டமன்றம் வழியாகத்தான் போக வேண்டுமா?

முடியும். சட்டமன்றம் கட்டாயமில்லை. ஆனால் "படிப்படியாக" என்ற சொல்தான் நம் ஊருக்குப் பொருந்தாது, ஏனென்றால் முதல் படியில் வாக்காளருக்கு வேலையே இல்லை.

மலாயாவின் முதல் நகராண்மைத் தேர்தல் 1951 டிசம்பரில் நம் ஜார்ஜ்டவுனில்தான் நடந்தது. 1965-ல் இந்தோனேசியாவுடன் இருந்த மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள். 1976-ன் ஊராட்சிச் சட்டம் அதை நிரந்தரமாக்கியது. 2012-ல் தேர்தலை மீட்கப் பினாங்கு அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தும், 2014-ல் கூட்டரசு நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. இது பெரிய இழப்பு. இன்று ஒவ்வொரு மன்றத்துக்கும் தலைவர் நீங்கலாக 8 முதல் 24 உறுப்பினர் வரை மாநில அரசே நியமிக்கிறது, ஒரு நியமனம் மூன்றாண்டைத் தாண்டக்கூடாது. தீவின் எம்பிபிபி (பினாங்குத் தீவு மாநகர் மன்றம்), பெருநிலத்தின் எம்பிஎஸ்பி (செபராங் பிறை மாநகர் மன்றம்) இரண்டுக்கும் பெரும்பாலும் ஆளும் கட்சிகள்தான் பெயர் கொடுக்கின்றன. கோலாலம்பூரில் இந்தப் படியும் இல்லை, சட்டமன்றமும் இல்லை.

ஆகவே உங்களுக்கு முதலில் வேண்டியது கட்சிக் கிளையில் பெயர். அதற்கு அடுத்ததுதான் மக்கள் மத்தியில் பெயர். இரண்டில் ஒன்று மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் மன்றத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

மக்கள் மத்தியில் பெயர் எடுப்பது சாக்கடையில் தொடங்குகிறது. மழை பெய்து தண்ணீர் ஏறிவிட்டது என்று ஒரு மலிவு விலை அடுக்குமாடியிலிருந்து அழைப்பு வருகிறது. உடனே போய்ப் படம் எடுத்து முகநூலில் போட்டால் மட்டும் ஒன்றும் நடக்காது. அது யாருடைய சாக்கடை என்று முதலில் பார்க்க வேண்டும். வேலிக்குள் இருந்தால் அடுக்குமாடி நிர்வாகக் குழுவின் பொறுப்பு, மன்றத்தின் ஆட்கள் வந்து தோண்ட மாட்டார்கள். வேலிக்கு வெளியே தாமான் (குடியிருப்புப் பகுதி) சாலையோரம் என்றால் பெரும்பாலும் மன்றம். ஆறு, பெரிய வாய்க்கால் என்றால் வடிகால் நீர்ப்பாசனத் துறை. தவறான இலாகாவுக்குப் போன புகார் வாரக்கணக்கில் தூங்கும், குடியிருப்பாளர் உங்களைத்தான் திட்டுவார். சரியான இடத்தில் புகார் எண் வாங்கி, அதை அவருக்கே அனுப்பி, வேலை முடிந்ததும் திரும்பப் போய்ப் பாருங்கள். கூடவே அந்த வீடு எந்த வாக்களிப்பு வட்டாரத்தில் வருகிறது என்றும் குறித்துவையுங்கள். மூன்றாண்டுக்குப் பிறகு வேட்பாளர் பேச்சு வரும்போது கட்சி மேலிடத்தின் முன் வைக்க அந்தக் குறிப்பேடுதான் கையில் இருக்கும்.

சட்டமன்றம் வழியாகப் போனவர் ஷெர்லீனா அப்துல் ரஷிட். எம்பிபிபி உறுப்பினராக இருந்து 2018-ல் ஸ்ரீ டெலிமா சட்டமன்ற உறுப்பினரானார், 2022-ல் புக்கிட் பெண்டேரா எம்.பி. ஆனார். கவனியுங்கள், ஸ்ரீ டெலிமா இருப்பது புக்கிட் குளுகோர் நாடாளுமன்றத் தொகுதிக்குள். உழைத்த இடமே தொகுதியாகக் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஸ்டீவன் சிம் செபராங் பிறை மன்றத்தில் இருந்துவிட்டுச் சட்டமன்றம் பக்கம் போகாமலேயே 2013-ல் புக்கிட் மெர்தாஜாம் எம்.பி. ஆனார், பிறகு 2023 டிசம்பரில் மனிதவள அமைச்சர். பினாங்கில் சட்டமன்றத் தொகுதி 40, நாடாளுமன்றத் தொகுதி 13 மட்டுமே. எண்ணிக்கையைப் பார்த்தால் சட்டமன்றம் வழியாகப் போவதே இயல்பு.

பெயர் அறிவிக்கப்பட்ட பிறகும் கவிழும் இடங்கள் உண்டு. வேட்புமனு நேரம் காலை 9 முதல் 10 வரை, ஒரே மணி நேரம். முன்மொழிபவரும் வழிமொழிபவரும் அதே தொகுதியின் வாக்காளராக இருக்க வேண்டும், ஆகவே அடையாள அட்டை எண்ணை வாக்காளர் பட்டியலில் முன்கூட்டியே சரிபாருங்கள். 2018-ல் நெகிரி செம்பிலான் ரந்தாவ் தொகுதியில் போட்டியிட வந்த டாக்டர் ஸ்ரீராம் நுழைவு அட்டை இல்லை என்று வேட்புமனு மையத்தின் வாசலிலேயே தடுக்கப்பட்டார். எதிராளி போட்டியின்றி வென்றதாக அறிவித்த முடிவை நீதிமன்றம் ரத்து செய்து, 2019 ஏப்ரலில்தான் இடைத்தேர்தல் நடந்தது. அதே 2018-ல் கோலாலம்பூரின் 'பத்து' (Batu) என்ற தொகுதியில் வேட்பாளர் தியான் சுவாவின் மனு, ஒரு வழக்கில் விதிக்கப்பட்ட 2,000 ரிங்கிட் அபராதத்தைக் காட்டி நிராகரிக்கப்பட்டது. அங்கே சுயேச்சையாக நின்ற 22 வயது பி. பிரபாகரன் வென்றார். ஆகவே பழைய வழக்கு, அபராதம், திவால் நிலை எல்லாவற்றையும் வழக்கறிஞரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

பணம்: 2022 பொதுத்தேர்தலில் நாடாளுமன்ற வைப்புத்தொகை 10,000 ரிங்கிட், பிரச்சாரப் பொருள்களுக்கு இன்னும் 5,000. வாக்கில் எட்டில் ஒரு பங்குகூட வாங்காவிட்டால் முதல் தொகை போய்விடும். பதாகைகளை 14 நாளில் அகற்றாவிட்டால் இரண்டாவதும் போய்விடும். செலவு உச்சவரம்பு 2 லட்சம் ரிங்கிட்.

தோற்றவரும் தேர்தல் செலவுக் கணக்கைக் குறித்த நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். கொடுக்காதவர் ஐந்தாண்டு போட்டியிடும் தகுதியை இழக்கலாம். தோற்ற மனவருத்தத்தில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். ரசீதுகளை முதல் நாளிலிருந்தே ஒரே ஆளிடம், கணக்குத் தெரிந்த தேர்தல் முகவரிடம், ஒப்படைத்துவிடுங்கள்.